ஏரிக்கரையில் நின்று பார்த்தவர் யார்?

சென்ற ஞாயிற்றுக்கிழமை மதியம். மதுராந்தகத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். ஏரி மீன் குழம்பு. தம்பி மகன் வலது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே இடது கையில் போனைத் தூக்கிக் காட்டினான்.

“பெரியப்பா, பாத்தீங்களா? அமெரிக்காக்காரனே எழுதிட்டான்!”

அவன் பொறியியல் இரண்டாம் ஆண்டு. படிப்பில் எவ்வளவு ஆழமோ எனக்குத் தெரியாது. ஆனால் எந்தப் படம் எந்த நாட்டில் எந்தத் தேதிக்கு வருகிறது என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வான். இப்போது அவனுக்கும் அவன் வாட்ஸ்அப் குழு நண்பர்களுக்கும் பேச்செல்லாம் ‘ராமாயணா’ பற்றித்தான். நிதேஷ் திவாரி இயக்கம். ராமராக ரன்பீர் கபூர், சீதையாக நம்ம சாய் பல்லவி, ராவணனாக யஷ். இசைக்கு ஹான்ஸ் ஸிம்மரும் ஏ.ஆர்.ரஹ்மானும். இருவர் வீட்டு அலமாரியிலும் ஆளுக்கு இரண்டு ஆஸ்கர். முதல் பாகம் 2026 தீபாவளிக்கு, இரண்டாம் பாகம் 2027 தீபாவளிக்கு என்று அறிவித்திருக்கிறார்கள்.

“யாரு என்னத்த எழுதிட்டான்?” என்று கேட்டார் என் அம்மா. எண்பதைத் தாண்டியவர். சனிக்கிழமை தவறாமல் ராமர் கோயிலுக்குப் போய்வருகிறவர்.

“நம்ம ராமாயணத்த பத்தி ஆயா. உலகத்துலயே பெரிய ஃபேன்டஸி படமா வரப்போவுதுன்னு எழுதியிருக்கான்.”

“அப்படின்னா?”

“ஃபேன்டஸின்னா... மாயாஜாலம், கற்பனை. அந்த மாதிரி கதை.”

அம்மா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். “கற்பனையா? நம்ம ஏரிக்கு வந்து பாக்கச் சொல்லு அவன. இங்க ஒரு வெள்ளக்கார தொரையே கண்ணால பாத்திருக்கான்!”

தம்பி மகன் சிரித்துவிட்டான். “பாத்தீங்களா பெரியப்பா? ஆயாவும் கடைசில வெள்ளக்காரனத்தான் சாட்சிக்குக் கூப்புடறாங்க!”

எல்லோரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தார். ஆனால் அந்த ஒரு வரி எனக்குத் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றுவிட்டது. இந்த வாரம் அதைப் பற்றித்தான்.

*

வெளியூர் வாசகர்களுக்காக எங்கள் ஊர்க் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போகிறவர்கள் எங்கள் ஏரியைப் பார்க்காமல் போக முடியாது. உத்தம சோழனுக்கு மதுராந்தகன் என்ற பட்டப்பெயர் உண்டு. அந்தப் பெயரில்தான் ஊர்; ஏரியும் அவர் காலத்தது என்பார்கள். முழுக் கொள்ளளவில் 23 அடிக்கு மேல் தண்ணீர் நிற்கும். கரையை அடுத்து ராமர் கோயில். ராமானுஜர் பெரிய நம்பியிடம் தீட்சை பெற்ற இடம் என்று வைணவர்கள் கொண்டாடும் தலம் அது.

கும்பினிக்காரர்கள் காலத்தில் செங்கல்பட்டுச் சீமைக்கு லயனெல் பிளேஸ் என்று ஒரு கலெக்டர் இருந்தார். ஒவ்வொரு மழைக்கும் ஏரிக்கரை உடையும். ஊரும் வயலும் மூழ்கும். கரையைப் பார்வையிட வந்த துரை, கோயிலில் கல் குவிந்து கிடப்பதைப் பார்த்து, அதைக் கரைக்குக் கொடுக்கலாமே என்றாராம். தாயார் சன்னதி கட்ட வைத்திருக்கிறோம், காசில்லாமல் நிற்கிறது என்றார்களாம் கோயில்காரர்கள். உங்கள் சாமி இந்தக் கரையைக் காப்பாற்றட்டும், சன்னதியை நானே கட்டித் தருகிறேன் என்றாராம் துரை.

அந்த வருடமும் பேய்மழை. 1798 என்று சொல்வார்கள். இன்றைக்கு இரவு கரை தாங்காது என்ற நிலையில், துரை குடையைப் பிடித்துக்கொண்டு கரைக்கே போய்விட்டார். அங்கே வில்லும் அம்புமாக இரண்டு இளைஞர்கள் ஒளி வீசக் காவல் நின்றார்கள். துரை சேற்றிலேயே மண்டியிட்டுவிட்டார். விடிந்து பார்த்தால் கரை அப்படியே இருக்கிறது. சொன்னபடி ஜனகவல்லித் தாயார் சன்னதியைக் கட்டிக்கொடுத்தார். அவர் பெயர் அங்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. ராமருக்கும் ‘ஏரி காத்த ராமர்’ என்று பெயர் நிலைத்துவிட்டது.

இதை நம்புவதும் நம்பாததும் அவரவர் மனம். நான் கேட்பது வேறு. இந்தக் கதையில் ஏன் ஒரு துரை வேண்டியிருந்தது? அந்த இரவில் கரையில் ஊர்க்காரர்கள் ஒருவர்கூடவா இல்லை? ஒரு குடியானவர் பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் கதை இருநூறு வருடம் தாண்டி வந்திருக்குமா?

வந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது. நம் ஆள் சொன்னால் பக்தி. வெளியாள் சொன்னால் சாட்சி. தம்பி மகன் போனைத் தூக்கிக் காட்டியதும் இதே கணக்கில்தான். அவன் குழுவில் நூறு பேர் படத்தைப் பற்றி நல்லபடியாகப் பேசியிருக்கலாம். அது அவனுக்குப் போதவில்லை. அமெரிக்காக்காரன் எழுத வேண்டியிருந்தது.

*

அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் அதே ரகம்தான்.

2010 செப்டம்பர் கடைசி. ‘எந்திரன்’ அக்டோபர் 1 அன்று வரப்போகிறது. அதற்குச் சில நாள் முன்பு ‘ஸ்லேட்’ என்ற அமெரிக்க இணைய இதழில் ரஜினியைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. நீங்கள் கேள்விப்பட்டே இராத மாபெரும் நட்சத்திரம் ஒருவர் இருக்கிறார் என்று அமெரிக்கர்களுக்கு அறிமுகம் செய்கிற கட்டுரை. அலுவலகத்தில் அதை மின்னஞ்சலில் எனக்கு ஏழு பேர் அனுப்பினார்கள். நான் பதினைந்து பேருக்கு அனுப்பினேன். முப்பது வருடமாக நாம் விசிலடித்துக் கொண்டாடிய மனிதரைப் பற்றி எங்கோ ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு, நானே பரீட்சையில் பாஸான மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

ஆனால் அந்தக் கட்டுரைக்கு ஒரு மரியாதை உண்டு. எழுதிய கிரேடி ஹென்ட்ரிக்ஸ், நியூயார்க்கில் ஆசியப் படங்களுக்கென்று ஒரு விழாவைத் தொடங்கியவர்களில் ஒருவர். வருடக்கணக்காக ஆசியப் படங்களைத் தேடிப் பார்த்தவர். நம் துரை மாதிரி, மழையில் குடையோடு கரைக்கு வந்து நின்றவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய சாட்சி 1998-இல் ஜப்பானில் கிடைத்தது. ‘முத்து’ அங்கே ‘ஆடும் மகாராஜா’ என்ற பொருளில் ஒரு ஜப்பானியப் பெயரோடு வெளியானது. மொழி தெரியாத மக்கள் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வந்து பார்த்தார்கள். பத்திரிகைகள் அதற்குப் பிறகுதான் எழுதின. ஜனம் முன்னால், செய்தி பின்னால்.

இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். 2017 மே மாதம், பிரான்ஸ் நாட்டின் கான் நகரம். அங்கே நடக்கும் 70-ஆவது திரைப்பட விழாவின்போது ‘சங்கமித்ரா’ என்ற பிரம்மாண்டமான தமிழ்ச் சரித்திரக் கற்பனைப் படம் அறிமுகமானது. இயக்கம் சுந்தர்.சி, தயாரிப்பு தேனாண்டாள் பிலிம்ஸ். ஏ.ஆர்.ரஹ்மான், ஆர்யா, ஸ்ருதி ஹாசன், அன்றைக்கு ஜெயம் ரவியாக இருந்த ரவி மோகன் எல்லோரும் கோட்டு சூட்டும் கவுனுமாகப் போய் நின்றார்கள். வெளிநாட்டு சினிமா இதழ்களில் செய்தி வந்தது. இங்கே நாம், “தமிழ்ப் படம் கானுக்கே போயிடுச்சு” என்று குதித்தோம். அதே மாதம் முடிவதற்குள் ஸ்ருதி விலகிவிட்டார். பிறகு வேறு நாயகி பெயர் வந்தது. படம் மட்டும் இன்னும் வரவில்லை.

இதில் யார் பொய் சொன்னார்கள்? ஒருவரும் இல்லை. நமக்குத்தான் ஒரு விவரம் தெரியாமல் போனது. கானில் நடப்பது இரண்டு. ஒன்று விழா, தேர்வுக் குழு தேர்ந்தெடுத்த படங்கள் அங்கே திரையிடப்படும். இன்னொன்று சந்தை, 1959-இலிருந்து விழாவோடு சேர்ந்தே நடக்கிறது. பணம் கட்டிப் பதிவு செய்துகொண்ட யாரும் அங்கே கடை போடலாம், எடுத்த படத்தையும் எடுக்கப்போகிற படத்தையும் விற்கலாம். அந்த நாட்களில் ‘வெரைட்டி’, ‘ஹாலிவுட் ரிப்போர்ட்டர்’ போன்ற இதழ்கள் கானிலேயே தினசரிப் பதிப்பு போடும். வந்திருக்கும் வியாபாரிகளுக்கு இன்றைக்கு என்ன சரக்கு வந்திருக்கிறது என்று சொல்வது அவற்றின் வேலை. நம்ம ஊர்ச் சந்தையில் இன்றைக்குக் கத்திரிக்காய் வரத்து அதிகம் என்று சொல்வது மாதிரி. கத்திரிக்காய் ருசியாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம் இல்லை. சமைத்தால்தான் அது தெரியும்.

*

இதையெல்லாம் தம்பி மகனிடம் சொன்னேன். அவன் விடுவானா?

“அதெல்லாம் பழசு பெரியப்பா. இப்ப நெலம வேற. போன வருஷம் ஜூலைல நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்துலயே ‘ராமாயணா’ ஓடுச்சு. நாலாயிரம் கோடி பட்ஜெட்டுன்னு ஃபாரின்காரனே ஒத்துக்கிட்டான்.”

இரண்டையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம்.

டைம்ஸ் சதுக்கத் திரையில் 2025 ஜூலை 3 அன்று படத்தின் அறிமுகக் காட்சி ஓடியது உண்மை. ஆனால் அந்தத் திரைகள் விளம்பரப் பலகைகள். வாடகை கொடுத்தால் யார் படமும் வரும். நம்ம பைபாஸில் நகைக்கடை விளம்பரம் நிற்கிறதே, அதைப் பார்த்துவிட்டு மதுராந்தகமே அந்த நகையைக் கொண்டாடுகிறது என்று சொல்வோமா?

நாலாயிரம் கோடி கணக்கு இன்னும் சுவாரசியம். அதைச் சொன்னவர் படத்தின் தயாரிப்பாளர் நமித் மல்ஹோத்ரா. நம் நாட்டு யூடியூப் பேட்டி ஒன்றில், இரண்டு பாகத்துக்கும் சேர்த்து அவ்வளவு ஆகும் என்றார். அதை வெளிநாட்டுத் தளங்கள் டாலர் கணக்கில் எடுத்துப் போட்டன. அந்தச் செய்தி மறுபடி இங்கே வந்தபோது, ‘ஃபாரின்காரன் சொன்ன கணக்கு’ ஆகிவிட்டது. நம் வீட்டு இட்லி மாவு எதிர்வீட்டுக்குப் போய், இட்லியாகத் திரும்பி வருகிறது; நாம் எதிர்வீட்டு இட்லியைப் பாராட்டுகிறோம்.

“சரி, கென்யா?” என்றான். அது இன்னொரு படம். ராஜமௌலி எடுக்கும் ‘வாரணாசி’. 2025 செப்டம்பரில் படக்குழு கென்யாவில் இருந்தபோது, அந்நாட்டு வெளியுறவுத் துறையைக் கவனிக்கும் முசாலியா முதவாடி அவர்களைச் சந்தித்துப் படங்களை வெளியிட்டார். அங்குள்ள பத்திரிகைகள் பெரிதாக எழுதின. அப்போது படத்துக்குப் பெயர்கூட அறிவிக்கவில்லை. நவம்பர் 15 அன்று ராமோஜி பிலிம் சிட்டியில்தான் தெரிந்தது.

“அந்தச் செய்திகள்ல யாரு ஹீரோன்னு நெனைக்கற?” என்று கேட்டேன்.

“மகேஷ் பாபு.”

“இல்லடா. மசாய் மாரா.”

எந்த ஊர்ப் பத்திரிகையும் தன் ஊர் வாசகனுக்குத்தான் எழுதும். கென்யாக்காரருக்கு அது நம் நாயகனைப் பற்றிய செய்தி இல்லை. தங்கள் காடும் யானையும் உலகத் திரையில் வரப்போகின்றன, சுற்றுலாப் பயணிகள் வருவார்கள், நாலு பேருக்கு வேலை கிடைக்கும் என்ற செய்தி. மாமல்லபுரத்தில் ஒரு ஹாலிவுட் படம் எடுத்தால் நாமும் அப்படித்தானே எழுதுவோம்? நாயகன் பெயர் மூன்றாவது பத்தியில் வரும். கடற்கரைக் கோயில் முதல் வரியில் வரும்.

*

இவ்வளவு நேரமும் ஒருத்தி பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் அக்கா மகள்.

அவள் சென்னையில் விடுதியில் தங்கி வேலை பார்க்கிறாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செங்கல்பட்டில் ரயில் மாறி வருவாள். வந்தால் பாதி நாள் தூக்கம்தான். கண்ணைச் சுற்றிக் கருவளையம். கம்ப்யூட்டர் வேலை என்று ஊரில் சொல்லிக்கொள்கிறோம். சரியாகச் சொன்னால், விஷுவல் எஃபெக்ட்ஸ் கம்பெனியில் ரோட்டோ ஆர்ட்டிஸ்ட்.

ரோட்டோ என்றால் என்ன என்று அவள்தான் ஒருமுறை எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். சினிமா ஒரு விநாடிக்கு 24 படம். ஒரு பெண் ஓடுகிறாள். பின்னால் இருக்கும் தெருவை எடுத்துவிட்டு அரண்மனையை வைக்க வேண்டும் என்றால், அந்தப் பெண்ணின் உருவத்தைச் சுற்றி ஒவ்வொரு படத்திலும் கோடு போட்டு வெட்டி எடுக்க வேண்டும். ஐந்து விநாடி ஓடினால் 120 படம். விரலுக்கு விரல் தனி. பறக்கிற முடிக்குத் தனி. புடவை முந்தானைக்குத் தனி. கம்பியில் தொங்கிப் பறக்கிற நாயகன் என்றால், அந்தக் கம்பியை ஒவ்வொரு படத்திலும் அழிப்பதற்கு இன்னொருவர். கேமரா போன பாதையைக் கணக்கெடுக்க மற்றொருவர். எல்லாவற்றையும் ஒட்டி ஒன்றாக்க இன்னும் ஒருவர். ஹாலிவுட் படங்களின் இந்த வேலை பல வருடமாகச் சென்னை, மும்பை, ஹைதராபாத்தில் நடக்கிறது. அங்கே பகல் என்றால் இங்கே இரவு. ஆகவே இவளுக்குப் பாதி நாள் இரவு வேலை.

எந்தப் படத்துக்கு வேலை செய்கிறாள் என்று எங்களுக்கே தெரியாது. வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். பெற்ற அம்மாவிடமும் சொன்னதில்லை.

தம்பி மகன் விடாமல் படித்துக்கொண்டிருந்தான். “இதக் கேளுங்க பெரியப்பா. லண்டன் கம்பெனி கிராஃபிக்ஸ் பண்ணுதாம். எட்டு ஆஸ்கர் வாங்கின டி.என்.இ.ஜி. வேர்ல்ட் கிளாஸ் குவாலிட்டி, இந்தியப் படமே மாதிரி இருக்காதுன்னு போட்டிருக்கான்.”

அக்கா மகள் நிமிர்ந்தாள்.

“டேய், அந்த லண்டன் கம்பெனிக்கு சென்னையிலயே ஆபீஸ் இருக்கு, தெரியுமா? மும்பைல, மொஹாலில எல்லாம் இருக்கு. அதோட முதலாளியே நம்மாளுதான். நீ சொன்ன அதே நமித் மல்ஹோத்ரா.”

“அப்படியா?”

“வேர்ல்ட் கிளாஸ்னு அவன் எழுதறான் பாரு, அத பாதி ராத்திரில உக்காந்து பண்றது என்ன மாதிரி ஆளுங்கதான். மேல்மருவத்தூர்லேர்ந்து ஒரு பையன், அச்சரப்பாக்கத்துலேர்ந்து ஒரு அக்கா, நான். அத இந்தியா பண்ணாத மாதிரி இருக்குன்னு சொல்றதத்தான் நீ பெருமையா படிக்கற.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். தம்பி மகன் போனைக் கவிழ்த்து வைத்தான். மேசையில் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

*

எனக்கு ‘லைஃப் ஆஃப் பை’ ஞாபகம் வந்தது. ஆங் லீ 2012-இல் எடுத்த படம். இங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய புதுச்சேரியில் அதன் சில காட்சிகள் எடுக்கப்பட்டன. படகில் பையனோடு போகிற அந்தப் புலியை உலகப் பத்திரிகைகள் எல்லாம் வாய் பிளந்து பாராட்டின. படத்துக்கு நான்கு ஆஸ்கர். அதில் ஒன்று விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு. புலியை உருவாக்கியது அமெரிக்காவின் ரிதம் அண்டு ஹியூஸ் கம்பெனி. மும்பையிலும் ஹைதராபாத்திலும் அதற்குக் கிளைகள் இருந்தன. 2013 பிப்ரவரி 24 அன்று விருது விழா. அதற்கு இரண்டு வாரம் முன்னால் அந்தக் கம்பெனி திவால் மனு கொடுத்துவிட்டது. மேடையில் விருது வாங்கியவர் அதைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் இசையை வாசித்து அவர் பேச்சை நிறுத்தினார்கள். வெளியே விஷுவல் எஃபெக்ட்ஸ் தொழிலாளர்கள் பதாகை பிடித்து நின்றார்கள்.

புலியைப் பார்த்தவர்கள் கோடி பேர். புலியைச் செய்தவர்களைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

அன்று மாலை நான் தனியாக ஏரிக்கரைப் பக்கம் நடந்தேன். எங்கள் கதையில் நான் இதுநாள்வரை கேட்காத ஒரு கேள்வி அப்போதுதான் தோன்றியது. கரையில் நின்றவர்களைத் துரை பார்த்தார். துரையின் பெயர் கல்லில் இருக்கிறது. சரி. பிளேஸ் வெறும் கதைப் பாத்திரம் அல்ல. இந்தச் சீமையின் ஏரிகளைப் பழுது பார்ப்பதில் அக்கறை காட்டியவர், 1799-இல் பெரிய அறிக்கை எழுதியவர். ஆனால் கூடை கூடையாக மண் சுமந்து இந்தக் கரையைப் போட்டவர்கள்? ஒவ்வொரு மழைக்கும் உடைப்பில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, மரமும் தழையும் கல்லும் போட்டு அடைத்தவர்கள்? அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

பக்கத்தில் வேடந்தாங்கலும் இதே கதைதான். கொக்கும் நாரையும் தங்கும் ஏரியைத் தலைமுறை தலைமுறையாக ஊர்மக்கள்தான் காத்தார்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் போய் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். அதுவும் 1798 என்கிறார்கள். கொடுத்தவர் அதே பிளேஸ் துரை. உலகம் அறிந்தது அந்தக் காகிதத்தை. பறவையை அறிந்தது ஊர்.

வெளியாள் சாட்சி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் துப்பாக்கி நின்றிருக்காது. துரை வராவிட்டால் சன்னதி கட்டியிருக்க முடியாது. வெளிநாட்டுப் பத்திரிகையில் நாலு வரி வந்தால் நம் படத்துக்கு அங்கே திரையரங்கு கிடைக்கும், வியாபாரம் நடக்கும். நல்லதுதான். ஆனால் அந்த நாலு வரியைப் படிக்கும்போது இரண்டு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும். எழுதியவர் கரைக்கு வந்து நின்று பார்த்தாரா, இல்லை யாரோ அனுப்பிய தாளைப் பார்த்து எழுதினாரா? அவர் கண்ணில் படாமல் கரையில் நின்றவர்கள் யார்?

முதல் கேள்விக்கு விடை கண்டுபிடிப்பது சுலபம். நிருபர் படப்பிடிப்புக்குப் போனாரா என்று பாருங்கள். ‘படக்குழு தெரிவித்தது’, ‘எதிர்பார்க்கப்படுகிறது’ என்ற சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணுங்கள். கட்டுரையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ‘விளம்பரதாரர் பகுதி’ என்று இருக்கிறதா என்று தேடுங்கள். வெளிவராத படத்தைப் பார்த்துவிட்டு யாரும் பாராட்ட முடியாது, எதிர்பார்க்கத்தான் முடியும். எதிர்பார்க்க நமக்கே தெரியும். அதற்கு நியூயார்க் எதற்கு?

இரண்டாவது கேள்விக்கு விடை படம் முடிந்த பிறகு வரும். விளக்குப் போட்டதும் நாம் எல்லோரும் செருப்பைத் தேடும் நேரத்தில், திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும். எறும்பு அளவு எழுத்து. அதிலும் வேலை செய்த எல்லார் பெயரும் வருவதில்லை என்கிறாள் அக்கா மகள். அவள் மூன்று வருடமாக வேலை பார்க்கிறாள். இதுவரை ஒரே ஒரு படத்தில் பெயர் வந்திருக்கிறது. அதையும் ஒரு எழுத்துத் தப்பாகப் போட்டிருந்தார்களாம்.

*

நான் வீடு திரும்பியபோது தம்பி மகன் திண்ணையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவள் லேப்டாப்பில் எதையோ காட்டிக்கொண்டிருந்தாள். பழைய பயிற்சி வீடியோவாம், ரகசியம் ஒன்றும் இல்லை. ஒரு நடனக்காரியின் கையைச் சுற்றிக் கோடு கோடாகப் புள்ளிகள். அவன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒரு விரலுக்கு இவ்ளோவா அக்கா?”

“ஒரு ஃப்ரேமுக்கு இவ்ளோ.”

பிறகு அவன் தன் வாட்ஸ்அப் குழுவில் ஏதோ தட்டினான். எட்டிப் பார்த்தேன். மதியம் அனுப்பிய அமெரிக்கச் செய்திக்குக் கீழே, ‘இந்த வேலைய பண்ற ஒருத்தங்க எங்க வீட்லயே இருக்காங்கடா’ என்று போட்டிருந்தான். அதற்குள் பதினேழு பேர் இதயம் போட்டிருந்தார்கள். ஒருவன் மட்டும், ‘ப்ரூஃப் இருக்கா?’ என்று கேட்டிருந்தான். சாட்சி கேட்கிற பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

தீபாவளிக்குக் குடும்பத்தோடு படத்துக்குப் போவது என்று முடிவாகியிருக்கிறது. அக்கா மகள் அதில் வேலை பார்த்தாளா இல்லையா என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் எந்தப் படமானாலும் இனி கடைசிப் பெயர் ஓடி முடிகிறவரை எழுந்திருப்பதில்லை என்று பேசிக்கொண்டோம். நீங்களும் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் பெயர் யாராவது ஒருவருடையதாவது அந்தக் கூட்டத்தில் இருக்கும்.

அம்மாதான் கடைசியாகக் கேட்டார். “பேரு எந்தப் பக்கம் வரும்? கீழேர்ந்து மேல போவுமா? அப்பன்னா கண்ணாடிய மறக்காம எடுத்துக்கணும்.”

“இங்கிலீஷ்ல வரும் ஆயா. உங்களுக்குப் படிக்கத் தெரியாதே.”

“எனக்குத் தெரியலன்னா என்னா? இவ பேரு எப்படி இருக்கும்னு ஒரு காயிதத்துல எழுதிக் குடு. அந்த மாதிரி எழுத்து வருதான்னு பாத்துக்கறேன்” என்றார் அம்மா.

அக்கா மகள் உள்ளே போய்க் காகிதமும் பேனாவும் எடுத்துவந்தாள்.